மேரிக்கு: முந்திரியும் சாக்லேட்டும்

அன்புள்ள மேரி,

உன் வாட்ஸ்அப் பார்த்தேன். அதிலேயே பதில் போட்டால் நாலு வரியில் முடித்துவிடுவேன், அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன். முதலில் அந்தச் சாக்லேட் விஷயம். பிள்ளைகளுக்காகச் செய்த முந்திரி சாக்லேட் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது, பூஞ்சை பிடித்துவிட்டது என்று அத்தனையையும் குப்பையில் கொட்டினேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு மனசு கேட்கவில்லை. நீ அனுப்பிய படத்தில் இருந்தது பூஞ்சை இல்லை மேரி. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய், அதாவது கோகோ விதையின் கொழுப்பு, உருகி, சரியான பதத்தில் உறையாமல், மெதுவாக மேலே வந்து படிந்தால் அப்படித்தான் சாம்பல் பூசியது மாதிரி இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது, தின்றால் ஒன்றும் செய்யாது. அடுத்த முறை கொட்டாதே, திரும்ப உருக்கிச் செய்யலாம்.

நம் வெயிலில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நல்ல சாக்லேட் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும், வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். சித்திரை வைகாசியில் உங்கள் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும். அதனால் செய்வதாக இருந்தால் மார்கழி, தை மாதம் பார்த்துச் செய், அதுவும் விடியற்காலையில். இங்கே எங்களுக்கு மழை இரண்டு பருவத்திலும் வருகிறது, ஆனி ஆடியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை, அந்த நாட்களில் காற்றில் இருக்கிற ஈரத்துக்கே சாக்லேட் பிசுபிசுத்துவிடும், நான் தொடுவதே இல்லை.

ஓவன் இல்லையே என்று கேட்டிருந்தாய். இதற்கு ஓவன் எதற்கு, ஒரு இரும்புச்சட்டியும் ஒரு சருவப் பாத்திரமும் போதும். ஆனால் எந்தச் சாக்லேட் வாங்கினாய் என்று நீ சொல்லவில்லை, அதுதான் முக்கியம். கடையில் கட்டியாக விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காம்பவுண்ட், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்ப்பனை விதையின் எண்ணெய் மாதிரி வேறு கொழுப்பு இருக்கும், உருக்கி ஊற்றினால் அதுவே உறைந்துகொள்ளும், ஒரு பக்குவமும் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். இன்னொன்று அசல், பொட்டலத்தின் பின்பக்கம் கோகோ வெண்ணெய் என்று போட்டு, வேறு தாவரக் கொழுப்பு எதுவும் சொல்லாமல் இருந்தால் அது. நல்ல முந்திரியைக் கொண்டுபோய் முதல் வகையில் முக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. பிள்ளைகள் கூட்டமாக வரும் பிறந்தநாளுக்கு வேண்டுமானால் சரி. உனக்கும் வீட்டுக்கும் என்றால் அசலே வாங்கு.

பருப்பைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். என் அம்மை அண்டி ஆபீசில், அதுதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், வேலை பார்த்தது உனக்குத் தெரியும், காலேஜ் நாளில் நீ வீட்டுக்கு வந்தபோது அவள் விரல்களைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாய். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் கைத்தோலைப் பொசுக்கிவிடும், ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உடைத்தாலும் கறை போகாது. முழுப்பருப்பு நொறுங்காமல் வந்தால்தான் அவளுக்கு மதிப்பு. W320 என்று பெட்டியில் எழுதியிருக்குமே, ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், சுமார் 320 பருப்பு நிற்கும் என்று அர்த்தம். எண்ணிக்கை குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். பாதியாகப் பிளந்ததும் நாலாக நொறுங்கியதும் தனியாகப் போய்விடும், விலை நன்றாகக் குறையும். சுவையில் துளி வித்தியாசம் கிடையாது. சாக்லேட்டுக்குள் மறையப்போகிற பருப்புக்கு எதற்கு முழுசு? நொறுங்கினதையே வாங்கு. இன்னொன்று, அது புதுசா என்று பார். முந்திரியில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான், நாள் பட்டால் காறல் அடிக்கும், எவ்வளவு உசந்த சாக்லேட் ஊற்றினாலும் அந்தக் காறல் மறையாது. ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

இரும்புச்சட்டியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே வறு. லேசாகப் பொன்னிறம் வந்ததும் உடனே அகலமான தட்டில் கொட்டிவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். அப்புறம் நன்றாக ஆற வேண்டும், தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். இதில் அவசரப்படாதே.

இனி உருக்குவது. 250 கிராம் பருப்புக்கு 200 கிராம் சாக்லேட் போதும். பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வை. மீதியைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் உள்ள சருவத்தின் மேல் வை, கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, அடுப்பும் தணிந்திருக்கட்டும். 45 டிகிரி வந்தால் போதும், கொதிக்கிற சூடெல்லாம் வேண்டாம். முழுசாக உருகினதும் கீழே இறக்கி, எடுத்து வைத்த பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இரு. உறைந்த சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெயின் நல்ல படிகம் உருகினதுக்குள் பரவி, எல்லாம் அதே மாதிரி உறையும், பளபளப்பும் 'டக்' என்று உடைகிற உடைசலும் அதனால்தான் வருகிறது, வெள்ளை பூக்காமல் இருப்பதும் அதனால்தான். கறுப்புச் சாக்லேட் என்றால் 31, 32 டிகிரியில் நிறுத்து, பால் சாக்லேட் என்றால் இரண்டு டிகிரி கீழே. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு துளியைக் கீழுதட்டுக்குக் கீழே தொட்டுப் பார், லேசாகக் குளிர்ச்சி தட்ட வேண்டும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் எல்லாம் போச்சு. சாக்லேட்டில் இருக்கிற சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகத் திரிந்துவிடும். தேன் ஊற்றலாமா என்று கேட்டிருந்தாய், மார்த்தாண்டம் தேன் வைத்திருக்கிறாய், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தேனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், உருகின சாக்லேட்டில் கலக்கவே கூடாது. உள்ளே வைக்கிற உருண்டையில் சேர்க்கலாம். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி மிக்ஸியில் எண்ணெய் விடுகிறவரை அரைத்து, கொஞ்சம் தேன், ஒரு சிட்டிகை உப்பு, பேரீச்சம்பழம் இரண்டு மூன்று சேர்த்துப் பிசைந்து உருட்டி, குளிர வைத்து முக்கினால் பிள்ளைகள் முந்திரியைக் கூட விட்டுவிட்டு அதைத்தான் தேடும்.

உன் பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன் விடச் சொன்னார்கள் என்றாயே, அதை விடாதே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கே உருகிவிடும், அது சேர்ந்தால் சாக்லேட் இளகித்தான் போகும். குளிர் ஊரில் பளபளப்புக்காகச் செய்வார்கள், நமக்குக் கையில் ஒழுகும்.

ஆறின பருப்பை உருகின சாக்லேட்டில் பிரட்டி, பட்டர் பேப்பர் மேல் சின்னச் சின்னக் கொத்தாக வை. உறைவதற்குள் மேலே கல்லுப்பைப் பொடித்து இரண்டு துகள், எனக்குப் பிடித்தது ஒன்றிரண்டாகத் தட்டின நல்லமிளகு. கறுப்புச் சாக்லேட்டுக்கும் முந்திரிக்கும் நல்லமிளகு சேருகிற மாதிரி வேறு எதுவும் சேரவில்லை என்றுதான் சொல்வேன். பிரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிஷம் மட்டும் வைத்து எடு. அப்புறமும் உள்ளேயே வைக்க வேண்டி வந்தால் காற்றுப் புகாத டப்பாவில் வை, வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதே, டப்பா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திற. இல்லாவிட்டால் வேர்த்து, சர்க்கரை கரைந்து, மறுபடியும் வெள்ளைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பருப்பு ஒத்துக்கொள்ளுமா என்று தாய்மாரிடம் கேட்டுவிட்டுக் கொடு.

வீட்டில் எல்லாரும் சுகம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு சரியாக நடக்கவில்லை, இவர் வீட்டிலேயே இருக்கிறார். அம்மைக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனாலும் பருப்பு வாங்கி வந்தால் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தே இது எந்தத் தரம் என்று சொல்கிறாள், எனக்குப் பெருமையாக இருக்கும். உன்னை அடிக்கடி கேட்கிறாள். அண்ணனுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மூத்தவள் நர்சிங் சேர்ந்துவிட்டாளா, எங்கே என்று எழுது.

கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய். தேதி முன்கூட்டியே சொல், நொறுங்கின பருப்பு இரண்டு கிலோ சொல்லி வைக்கிறேன். உங்கள் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோ போட்டிருக்கிறார்களே, காய்ந்த விதை கிடைத்தால் ஒரு கால் கிலோ எடுத்து வா, அம்மைக்குக் காட்ட வேண்டும், அவள் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
புஷ்பா