ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: பிள்ளைகள் பார்க்கும் அந்தப் படம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஓவிய வகுப்பில் இந்த மாதம் யாரும் தூரிகையைத் தொடவில்லையே, பாடம் நடக்கிறதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நடக்கிறது. பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1635 வாக்கில் வரைந்த முழு உருவப் படம் அது. மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடையில் ஒருவர் காலை அகட்டி நிற்கிறார். ஒரு கை மேலங்கியை நெஞ்சோடு பிடித்திருக்கிறது, மற்றது வெளியே நீண்டிருக்கிறது. தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது. காலடியில் விழும் நிழலை வைத்துத்தான் அவர் தரையில் நிற்கிறார் என்றே நமக்குத் தெரிகிறது. 1865இல் பிராடோவுக்குப் போன பிரெஞ்சு ஓவியர் மானே இதைப் பார்த்து வியந்துபோனார். அடுத்த ஆண்டே, குழல் ஊதும் சிறுவன் ஒருவனை இதே போல வெறும் பின்னணியில் வரைந்தார்.

பெயரைச் சொல்லாமல், இவர் யாராக இருக்கும் என்று கேட்டோம். வக்கீல், மந்திரி, பெரிய பணக்காரர் என்று பதில்கள் வந்தன. "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று ஓவிய ஆசிரியர் விடாமல் கேட்டார். பலரும் உடையைத்தான் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "கையைப் பாருங்க சார், எதிர்ல கூட்டம் இருக்கு, அவங்களுக்கு ஏதோ சொல்றாரு" என்றாள். அவர் பாப்லோ தெ வயாதோலித், மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை விதூஷகர்களில் ஒருவர்.

பிறகு, வெலாஸ்கெஸ் வரைந்த அந்த மன்னரின் படத்தையே பக்கத்தில் காட்டினோம். அவருக்கும் கறுப்பு உடைதான். ஆனால் ஒரு கையில் காகிதம், மறு கை வாளின் பிடியில், அருகே மேசை. நிர்வாகம், படைபலம், நீதி என்று இவற்றுக்குப் பொருள் சொல்வதுண்டு. பாப்லோவுக்கு இப்படி எதையும் ஓவியர் தரவில்லை. ஆனால் மன்னரைப் போலவே ஆளுயரத்தில், முழு மனிதராக நிறுத்தியிருக்கிறார். அதை அவர் தெரிந்தே செய்த மரியாதையாகத்தான் நான் பார்க்கிறேன். வகுப்பில் சிலர் இதை ஏற்கவில்லை, காரணமும் சொன்னார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இரண்டு படங்களின் அச்சுப் பிரதியும் இன்று உங்கள் வீட்டுக்கு வரும். பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்; எதை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளே படத்தின் அருகில் நின்று உங்களுக்கு விளக்குவார்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்