ஸ்கேன் அறிக்கையோடு முடிந்துவிடும் கண்காணிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல், பிறந்தவுடன் அழாத குழந்தைகளுக்கு அளிக்கப்படும் குளிர்விப்புச் சிகிச்சை சென்னையில் புதிதல்ல. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பநிலையை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு மெதுவாக இயல்பு நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையாளராகிய எனது கவலை அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியது.

வீடு திரும்புமுன், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், இக்குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் பகுதியும் அதைச் சூழ்ந்த நரம்பணுத் திரள்களும் பாதிக்கப்பட்டிருந்தால், உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) வரக்கூடும் என்பதைப் படம் ஓரளவு நம்பகமாகவே காட்டுகிறது. குளிர்விப்பதால் அந்த நம்பகத்தன்மை குறைவதில்லை என்பதை 2010ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் தெரிவித்துவிட்டனர். ஆனால் மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பொருளில் மட்டும் உள்ள சிறிய மாற்றங்கள் பேச்சிலும் கவனத்திலும் கற்றலிலும் எப்படி வெளிப்படும் என்பதை அந்தப் படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு சொல்லோடு மறுபரிசோதனைக்கே வராமல் போகும் பெற்றோரையும், "பாதிப்பு இருக்கிறது" என்று கேட்டவுடன் பயிற்சியால் இனி என்ன பயன் என்று மனம் ஒடிந்துவிடும் பெற்றோரையும் நான் தொடர்ந்து சந்திக்கிறேன். (பின்னவர்களுக்கே பயிற்சி மிக அவசரம்.) பெருமூளை வாதம் இல்லாமல் தப்பிய குழந்தைகளில் சிலரும் பள்ளி வயதில் சக மாணவர்களைவிடப் பின்தங்குவதை பிரிட்டன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

நம் நாட்டில் இக்குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கண்காணிக்க இன்னொரு காரணமும் உண்டு. குளிர்விப்புச் சிகிச்சையை வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டு, இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், எழும்பூரில் உள்ள சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் பங்கேற்றன. மரணத்தையும் ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது குளிர்விப்பால் பயன் தெரியவில்லை. இறப்போ, வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 31 விழுக்காடாகவும், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காடாகவும் இருந்தது. மேலை நாடுகளின் முடிவுகளை அப்படியே இங்கு பொருத்திப் பார்க்க முடியாது என்பதால், நம் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதை நாமேதான் பதிவுசெய்தாக வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றுச் செல்லும் குழந்தைகளையும் அப்பதிவில் சேர்க்காவிட்டால் அது பாதிக் கணக்காகவே இருக்கும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. 18 வயது வரையிலான வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம்) என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டமும், குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சியளிக்கும் அதன் மாவட்ட இடையீட்டு மையங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. குளிர்விப்புச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேன் எடுத்த நாளையும் பாதிக்கப்பட்ட பகுதியையும் பெற்றோருக்குப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டும்; 18 முதல் 24 மாதங்களுக்குள் ஒருமுறையும், பள்ளியில் சேருமுன் மறுமுறையும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கு வர வேண்டிய தேதிகளைக் குறித்து, குழந்தையின் விவரத்தை அந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். மாநில சுகாதாரத் துறை இதை ஓர் ஆணையாகப் பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்,
பெரம்பூர், சென்னை.