எத்தனை குதிரைத்திறன் போதும், அம்மாடி?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டபோதே ஒரு எண்ணைச் சொல்லி முடித்திருக்கலாம். நீங்கள் வாங்கப்போகிற புதுக் காருக்கு, மாப்பிள்ளை 150 குதிரைத்திறன் இருந்தால்தான் வண்டி என்கிறார், நீ 70 தாராளம் என்கிறாய். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று கூப்பிட்டாய். எனக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தையில் அடங்குகிற சங்கதி இல்லை இது. அதோடு, 22 வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது.

முதலில் உன் கட்சியைப் பேசுகிறேன். நாலு பேர் உட்காரும் நடுத்தர கார் ஒன்று சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போவதற்கு இன்ஜின் எவ்வளவு உழைக்க வேண்டும் தெரியுமா? ஐந்தாறு குதிரைத்திறன். அவ்வளவே. 80-ல் போனால் பத்து. 100-ல் போனால் பதினேழிலிருந்து இருபதுக்குள். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற பலம்தான் ஒரு குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், நீ தினமும் வேலைக்குப் போய்வருகிற ஓட்டத்தில் வண்டி எவ்வளவு சொற்பமாக வேலை செய்கிறது என்பது புரியும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதுகூட வேண்டாம்.

வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. ஒன்று டயர். அது சாலையில் அழுந்தி உருள்வதால் வரும் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. இன்னொன்று காற்று. அதுதான் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நாலு மடங்காகும். அந்தத் தடையை அதே வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. அதனால்தான் 100-ல் இருபதுக்குள் முடிந்த தேவை 120-ல் முப்பதை நெருங்குகிறது, 150-ல் ஐம்பதைத் தொடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் 150-ல் போகப் போவதில்லை. போகவும் கூடாது.

பழைய வண்டிகளை நினைத்துப் பார். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு இருந்தது 20 குதிரைத்திறன். 1948-ல் பிரான்சில் வந்த சிட்ரோன் 2சிவிக்கு 375 சிசி இன்ஜின், ஒன்பதே ஒன்பது குதிரைத்திறன். அதில் நாலு பேர் உட்கார்ந்து போனார்கள். மெதுவாகத்தான் போனார்கள், ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைய சாலையில் எல்லா வண்டியும் அந்த வேகம்தான் என்பதால் அது செல்லுபடியானது.

இதை வைத்து மாப்பிள்ளையிடம் வாதாடப் புறப்பட்டுவிடாதே. பொறு. உன் கட்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில்தான் நான் ஒரு நாள் எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. நம்மிடம் இருந்த முதல் கார் நினைவிருக்கிறதா? நாற்பது குதிரைத்திறனைத் தொடாத சின்ன வண்டி. முன்னால் நானும் அம்மாவும், பின்னால் பாட்டியும் நீயும் தம்பியும். டிக்கி கொள்ளாமல் உன் காலடியிலும் பைகள். வெயில் கொளுத்தியதால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சாலை மெல்ல ஏறிக்கொண்டே போனது. நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் இருக்கும், அதற்கு மேல் இல்லை. கண்ணுக்கு அது ஏற்றமாகவே படவில்லை. முன்னால் ஒரு லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரமாகப் புகையைத் தின்றுகொண்டு அதன் பின்னாலேயே வந்ததில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எதிரே சாலை காலியாகத் தெரிந்தது. வெளியே எடுத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தேன்.

வண்டி இழுக்கவில்லை. லாரியின் பின்சக்கரத்துக்கு நேராக வந்தோம், அதற்கப்புறம் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. இன்ஜின் முனகியது. வளைவில் ஒரு பஸ் திரும்பியது. மிதிக்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்காதா என்று கால் தேடியது இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது. பிரேக்கை அழுத்தி, லாரிக்குப் பின்னால் ஒடித்து நுழைத்தேன். பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே கடந்தது. பாட்டி, ஏண்டா இப்படி பிரேக் போடுகிறாய் என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். ஜன்னலில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆட்களோடும் சாமானோடும் அந்த வண்டி ஒரு டன். அந்த ஏற்றத்தில் 50-ல் போய்க்கொண்டிருப்பதற்கே பதினொரு குதிரைத்திறன் வேண்டும். நான் இருந்தது நாலாவது கியர். அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2200 சுற்றில்தான் ஓடியிருக்கும். அந்தச் சுற்றில், எவ்வளவு மிதித்தாலும், அது தரக்கூடியது பதினேழு. ஏசி கம்ப்ரசர் இரண்டு மூன்றைத் தின்றுவிட்டது. ஆக, லாரியைத் தாண்டுவதற்கு என்று என்னிடம் இருந்தது மூன்று குதிரைத்திறன். மூன்றை நம்பி உங்கள் நாலு பேரையும் எதிர்த்தடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாவது கியருக்கு மாற்றியிருந்தால் சுற்று 3200-ஐத் தொட்டிருக்கும், இருபத்தைந்துக்கு மேல் கிடைத்திருக்கும். ஏசியையும் அணைத்திருந்தால் கையிருப்பு மூன்று இல்லை, பதினாலு. அப்போதுகூடக் காத்திருந்திருக்க வேண்டும் என்பதுதான் சரி. ஆனால் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. காகிதத்தில் எழுதியிருக்கிற குதிரைத்திறன், உன் கால் கேட்கிற நொடியில் உன்னிடம் இருப்பதில்லை. அது இன்ஜின் உச்சத்தில், 5500, 6000 சுற்றில் அலறும்போது கிடைப்பது. நீ சாதாரணமாக ஓட்டுவது 2000 சுற்றில்.

இங்கேதான் டார்க் என்று சொல்கிறார்களே, அது வருகிறது. அது இன்ஜின் தண்டைத் திருகுகிற விசை. திருகும் விசையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் சக்தி. அந்த விசையை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் சொல்வார்கள். டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற கருவி, இல்லாத 1200 சிசி பெட்ரோல் இன்ஜின் 2000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வை, அந்த இடத்தில் அது 28 குதிரைத்திறன் வண்டி. 1000 சிசி டர்போ இன்ஜின் அதே சுற்றில் 170 தந்தால் அது 48 குதிரைத்திறன் வண்டி. உச்ச எண் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் ஏற்றத்தில் வித்தியாசம் உன் முதுகுக்குத் தெரியும். ஒன்றில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும், மற்றதில் மிதித்தால் போதும். டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகும் என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். எலக்ட்ரிக் வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை, நின்ற இடத்திலிருந்தே முழுத் திருகும் கிடைத்துவிடும். அதனால் அதன் குதிரைத்திறனைப் பெட்ரோல் வண்டியின் எண்ணோடு நேராக ஒப்பிடாதே.

இப்போது மாப்பிள்ளையின் 150-க்கு வருகிறேன். லாரியைத் தாண்டுவதற்கு 60-லிருந்து 100-க்கு வர வேண்டும் என்று வை. முழு லோடோடு, சரியான கியரில். நம் பழைய நாற்பது குதிரைத்திறன் வண்டிக்கு அதற்கு இருபது நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதற்குள் 400 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே வருகிறவரும் அதே வேகம் என்றால் 800 மீட்டர் வெறுஞ்சாலை வேண்டும், அது எங்கே கிடைக்கும்? 80 குதிரைத்திறன் வண்டிக்குப் பத்து நொடி சொச்சம். 150 வண்டிக்கு ஆறு. தோராயக் கணக்குதான், ஆனால் அதில் உள்ளதைப் பார். நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போனதில் ஒன்பது நொடி மிச்சம். எண்பதிலிருந்து 150-க்குப் போனதில் நாலு நொடி. முதல் ஒன்பது நொடி உயிரைக் காக்கிறது. அடுத்த நாலு நொடி சௌகரியம். சௌகரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மாப்பிள்ளை கவனிக்கட்டும். அவர் பார்க்கிற வண்டி உயரமானது, கனமானது. காலி எடையே 1600 கிலோ என்றாய். ஆட்களையும் சாமானையும் ஏற்றினால் இரண்டு டன். அப்படியென்றால் டன்னுக்கு 75 குதிரைத்திறன். ஒரு டன் எடையுள்ள 90 குதிரைத்திறன் வண்டியில் அதே 400 கிலோவை ஏற்றினால் டன்னுக்கு 64. பெயரில் 150-க்கும் 90-க்கும் அத்தனை தூரம், சாலையில் இவ்வளவுதான். உயரமான வண்டி காற்றையும் கூடுதலாகத் தள்ள வேண்டும். பெரிய பெட்ரோல் இன்ஜின் நகர ஓட்டத்தில் மூச்சைப் பாதி அடைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஓடும். காற்று போகும் வழி ஏறக்குறைய மூடியிருக்க, அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே எரிபொருளில் ஒரு பங்கு போய்விடும். சின்ன இன்ஜினை எப்போதும் அடிவரை மிதித்து ஓட்டினாலும் மைலேஜ் போய்விடும், அதையும் மறைக்கவில்லை.

என் கணக்கு டன்னுக்கு அறுபது, முழு லோடில். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, இத்தனை வருடம் ஓட்டிய கையின் கணக்கு. நீ சொல்கிற சின்ன வண்டிக்கு 70 என்றால், காலியில் நன்றாகப் போகும். நீங்கள் இருவரும் குழந்தையும் நாங்கள் இருவரும் ஏறினால் டன்னுக்கு ஐம்பதாகிவிடும். மலை ஏறுவதாக இருந்தால் இன்னும் குறையும். டர்போ இல்லாத இன்ஜின் உயரே போகப் போக, 1000 மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். 2000 மீட்டர் மலையில் 70 என்பது 56. அதனால் உன் எண்ணிலிருந்து கொஞ்சம் ஏறு, அவர் எண்ணிலிருந்து நிறைய இறங்கட்டும். 85-லிருந்து 100-க்குள், குறைந்த சுற்றிலேயே இழுக்கிற இன்ஜினாகப் பாருங்கள். மீதிப் பணம் நல்ல டயருக்கும் பாதுகாப்பு வசதிகளுக்கும் போகட்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு நாலு மடங்கு ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும், அந்த வேலைக்குக் குதிரைத்திறன் உதவாது.

டெஸ்ட் டிரைவுக்கு நீ மட்டும் விற்பனையாளரோடு போகாதே. காலி வண்டி எல்லாமே பறக்கும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போ, ஏசியைப் போடு, ஏதாவது மேம்பாலமோ ஏற்றமோ இருக்கிற பாதையைக் கேள். ஏற்றத்தில் 40-ல் போகும்போது மூன்றாவது கியரில் வைத்து மிதித்துப் பார். பிறகு இரண்டாவதில். ஆட்டோமேட்டிக் என்றால், மிதித்த பிறகு அது கியரைக் குறைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மனதுக்குள் எண்ணு. மாப்பிள்ளையையும் அதே இடத்தில் ஓட்டச் சொல். நீ பின்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து பார், அங்கிருந்து வண்டி வேறு மாதிரி தெரியும்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஓவர்டேக் பண்ணும்போது கியரைக் குறைக்கச் சொன்னாயா, எழுதியிருக்கிறாயா என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா