சோப்பியும் ஆம்னிபஸ்ஸும்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ராத்திரி என்ன சீரியல் பார்க்கிறாய் என்று கேட்டாயே, அந்த வார்த்தையை இங்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆபீசில் ஒருநாள், “ராத்திரி சாப்பிட்டதும் எனக்கு சீரியல் வேண்டும்” என்றேன். “சாப்பிட்ட பிறகுமா?” என்று சிரித்தார்கள். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன் ஃபிளேக்ஸ்தான் இவர்களுக்கு சீரியல். நாம் பார்ப்பதற்குப் பெயர் ‘சோப்பி’.

செட்டாப் பாக்ஸை ‘டிகோடர்’ என்கிறார்கள். வாங்கப் போன இடத்தில் “எந்த பொக்கே வேண்டும்?” என்றார் கடைக்காரர். நான் என்ன கல்யாணத்துக்கா போகிறேன்? சேனல் பேக்கேஜுக்கு அந்தப் பெயராம். டிவிக்கு லைசன்ஸ் வேறு, வருஷத்துக்கு 265 ராண்ட். ரேடியோவுக்கு போஸ்ட் ஆபீசில் பணம் கட்டியதாகத் தாத்தா சொல்வாரே, அதே கதை.

சோப்பியில் ஒருத்தி ஜூலுவில் திட்டினால் இன்னொருத்தி சோத்தோவில் பதில் கொடுக்கிறாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுவதால் பிழைத்தேன். வாரம் முழுக்க விட்டதை சனி, ஞாயிறில் மொத்தமாகப் போடுவதற்குப் பெயர் ‘ஆம்னிபஸ்’. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோயம்பேடுதான் ஞாபகம் வந்தது!

பக்கத்து வீட்டு ஆயா சொன்னதுதான் பெரிய ஆச்சரியம். நம்ம சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-லேயே டிவி வந்துவிட்டது. தங்கமும் வைரமும் தோண்டுகிற இந்த நாட்டில் முறைப்படி தொடங்கியது 1976 ஜனவரி 5-இல்தான். டிவி வந்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று அரசாங்கம் அத்தனை வருஷம் தள்ளிப்போட்டதாம். யார் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார்களோ! வந்த பிறகும் ஒரே சேனல். சாயங்காலத்தில் பாதி ஆங்கிலம், பாதி ஆஃப்ரிகான்ஸ்.

அப்புறம் அமெரிக்கத் தொடர்களை ஆஃப்ரிகான்ஸில் டப் செய்து போட்டார்கள். ஆங்கில வசனம் அதே நேரத்தில் ரேடியோ 2000-இல் வரும். ஆயா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவி மேலேயே ரேடியோவை வைத்துக் கேட்பாராம். “பேட்டரி தீர்ந்தால் எல்லோரும் ஊமை” என்று இப்போதும் சிரிக்கிறார்.

சரி, போன் விஷயம். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஐந்தரை, நான் பஸ்ஸில் இருப்பேன். உன் சீரியல் ஒன்பதரைக்கு முடிந்ததும் கூப்பிடுகிறேன். போன வாரம் மாதிரி, விளம்பரம் முடிந்துவிட்டது என்று பாதியில் வைத்துவிடாதே.

அன்புடன்,
உன் மகள்