தவணைத் தேதி 5

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மேட்டூர்த் தண்ணீர் இந்த வருஷம் கடைமடை வரைக்கும் ஒழுங்காக வந்தது. பெரியப்பா வயலில் குறுவை கதிர் வாங்குகிறது. போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கும் மீட்டிங். அதனால்தான் கடிதம்.

இந்த மாதம் 5ஆம் தேதி என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. பேங்க்காரன் தினம் நாலு அனுப்புவான். அதை விடு.

உன் படிப்புக் கடனை மறுபடி ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்துப் பேரேடு எழுதிப் பழகிய கை, ரிட்டயர் ஆனாலும் சும்மா இருப்பதில்லை. வாங்கியது ஏழரை லட்சம், வட்டி 10 சதவீதம். படிப்பு ஒரு வருஷம், அதற்கு மேல் தவணை தொடங்காத ஒரு வருஷம். அந்த இரண்டு வருஷத் தனிவட்டியே ஒன்றரை லட்சம். ஆக ஒன்பது லட்சம், 15 வருஷம், மாதம் 9,671. கட்டி முடிக்கும்போது மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம் போயிருக்கும். பத்து வருஷமாகப் போட்டிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சம், ஆனால் மாதத் தவணை 11,900ஐத் தொட்டிருக்கும். உன் சம்பளம் கையில் 26,000. லக்ஷ்மி நகர் வாடகையில் உன் பங்கு 8,000. தவணையும் போனால் மிச்சம் 8,300. டெல்லியில் அதை வைத்துக்கொண்டு நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்கிறாள். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

கடன் வாங்கியபோது வருமான வரிச் சட்டத்தின் 80ஈ பிரிவில் வட்டிக்கு வரி விலக்கு உண்டு என்று சொன்னார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்தானே விலக்கு. நாலரை லட்சத்துக்கு மேல் என் வருமானம் என்பதால் வட்டி மானியமும் போனது. பயிர்க்கடன் வாங்கியவர் தவணைக்குள் கட்டினால் சங்கத்தில் வட்டியே கிடையாது. நானே எத்தனை பேருக்கு அப்படி வரவு வைத்திருக்கிறேன். படிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. கல்விக்கடன் தள்ளுபடி என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுவார்கள், அதை நம்பி இருந்துவிடாதே. தவணையை மட்டும் விடாதே.

சின்ன மாமா வந்திருந்தார். "அந்த ஏழரை லட்சத்தை இன்ஜினியரிங்ல போட்டிருந்தா?" என்று ஆரம்பித்தார். அவர் மகன் பி.இ. முடித்துவிட்டு ஒரகடத்தில் 18,000க்கு நிற்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது, அங்கே சேர் என்று அப்போதே சொன்னேன். டெல்லியில் அரசாங்கத்தின் இதழியல் கல்லூரியான ஐஐஎம்சி பட்டியலில் பெயர் வரவில்லை என்றதும் அந்தத் தனியார் கல்லூரிதான் வேண்டும் என்று நின்றாய். ஸ்டூடியோ இருக்கிறது, பெரிய பத்திரிகையாளர்கள் வந்து பாடம் எடுக்கிறார்கள் என்றாய். வேலை கிடைத்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் என்ன என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களுடைய வழவழப் புத்தகத்தில் பதில் இல்லை.

டெல்லி காஜிப்பூர் குப்பை மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்களைப் பற்றி நீ எழுதினாயே, அதைப் பிரிண்ட் எடுத்து அகராதியோடு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களை இங்கிலீஷ் சாரிடம் கேட்டேன். படித்து முடித்துவிட்டு, "உங்க பொண்ணா சார்?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அந்தப் பிரிண்ட் இப்போது சங்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்குத் திரும்பி வரவில்லை. சம்பளத்தைக் கேட்டால்தான் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்கான மஜீதியா ஊதிய வாரியம் சொன்ன சம்பளத்துக்கு 2011இல் அரசாணை வந்தது, 2014இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அதெல்லாம் அச்சுப் பத்திரிகைக்காரர்களுக்காம். வெப்சைட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி வைத்ததுதான் சம்பளம், அவர் சொல்லும் நாள்தான் கடைசி நாள் என்று தஞ்சாவூர் நிருபர் ஒருவர் சொன்னார்.

காலையில் உங்கள் வெப்சைட்டைத் திறப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனி மாதத்துக்குப் பிறகு உன் பெயரை அதில் பார்க்கவில்லை. லீவில் இருந்திருப்பாய். அல்லது பெயர் போடாத வேலைக்கு மாற்றியிருப்பார்கள். அப்படியும் உண்டு என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

பேங்குக்கு வேறு வேலையாகப் போயிருந்தபோது மேனேஜரிடம் பொதுவாக ஒன்று கேட்டேன். உன்னைப் பற்றி இல்லை, பொதுவாகத்தான். படித்தவர்களுக்கு நடுவில் வேலை இல்லாமல் போனால், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தவணையை நிறுத்தி வைக்கலாமாம். கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை கூடக் கேட்கலாமாம். கல்விக்கடன் திட்டத்திலேயே அது இருக்கிறது. வட்டி ஏறும், ஆனால் கணக்கு கெடாது. கேட்காமல் 90 நாள் தாண்டினால்தான் வாராக் கடன். அப்புறம் கடன் கட்டும் ஒழுங்குக்குப் போடும் சிபில் மதிப்பெண் உனக்கும் போகும், கூடக் கையெழுத்துப் போட்ட எனக்கும் போகும். எனக்குப் போனால் ஒன்றுமில்லை, இந்த வயதில் நான் என்ன கடன் வாங்கப் போகிறேன். உனக்கு வாழ்க்கை இருக்கிறது.

தவணை தவறியவர் முதலில் செய்வது வழியை மாற்றுவதுதான். சங்க வாசல் பக்கம் வராமல் குளத்தங்கரை சுற்றிப் போவார். நானும் பார்க்காததுபோல இருந்திருக்கிறேன், நோட்டீஸில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நேரில் வந்து "இந்தப் போகம் முடியல சார்" என்று சொன்னவருக்கு ஏதாவது வழி பண்ணாமல் விட்டதில்லை.

இதோடு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். பென்சில் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடு. காரணம் எழுதும் கட்டத்தை நான் நிரப்பவில்லை. கம்பெனி ஏதாவது கடிதம் கொடுத்திருந்தால் நகல் வை, கொடுக்காவிட்டால் நீயே ஒரு வரி எழுதினால் போதும் என்றார் மேனேஜர். தேவைப்படாவிட்டால் கிழித்துப் போட்டுவிடு. தேவைப்பட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, சாதாரணத் தபால் வேண்டாம். அடுத்த தவணைக்குப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன், அதை வாடகைக்கு எடுத்துவிடாதே. எடுத்தாலும் சொல்லிவிட்டு எடு.

அம்மாவுக்கு அந்த மெசேஜ் விஷயம் தெரியாது. ஊருக்கு வர வேண்டுமென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுத் தருகிறேன். தீபாவளி வரைக்கும் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா