கெட்டிச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே யாங்கூனில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காலையில் அனவ்ரத்தா சாலைக் காளி கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்து, நடந்த கதையை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கரண்ட் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து வைபரில் பேசியதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

எடையைக் குறைக்கிற இரைப்பை ஆபரேஷன் முடிந்து கஞ்சித் தண்ணி, பிறகு மசித்தது, பிறகு மெத்தென்றது என்று எல்லாம் ஒழுங்காகக் கடந்து வந்துவிட்டாய். கெட்டிச் சாப்பாட்டுக்கு டாக்டர் சரி சொன்ன வாரத்தில் கடையில் கோழிச்சோறு வாங்கி இரண்டு வாய் வைத்ததும் நெஞ்சுக்குழியில் அடைத்து, வாயெல்லாம் நுரையாக ஊறி, கழிவறைக்கு ஓடியிருக்கிறாய். அன்றிலிருந்து பயந்துகொண்டு சூப்பு, பால் டீ, பிஸ்கட் என்று ஓட்டுகிறாயாம். "அதுதாம்மா இறங்குது" என்றாய். அது இறங்குவதுதான்பா வம்பே.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்குச் செய்த ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பாகத்தையோ அதற்கும் மேலேயோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். 75, 80 சதவீதம் என்று சொல்வார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். கெட்டியான மீனோ முட்டையோ அதற்குள் போனால் கொஞ்ச நேரம் தங்கும். அந்தத் தங்கல்தான் "போதும்" என்று உனக்குச் சொல்வது. பால் டீயும் கரைந்துபோகிற பிஸ்கட்டும் தங்காது. வழுக்கிக்கொண்டு போய்விடும், நாள் பூராவும் குடித்தாலும் கொறித்தாலும் நிறைந்த உணர்வு வராது. இவ்வளவு செலவழித்து, இவ்வளவு வலி பட்டு, எடை ஒரு இடத்தில் நின்றுபோய் பிறகு ஏறவும் ஏறுகிறதே சிலருக்கு, அவர்களில் பலரும் வழுக்கினது பெரிய சாப்பாட்டில் இல்லை. இந்த மாதிரி சின்னச் சின்ன இறங்கல்களில்தான்.

பசியே எடுக்கவில்லை என்று ஆச்சரியப்பட்டாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பாகத்தில். அந்தப் பாகம்தான் இப்போது உன்னிடம் இல்லை. அதனால் பசி வரும்வரை காத்திராதே. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடு. காலம் போகப் போகப் பசி ஓரளவு திரும்பும், அதற்குள் பழக்கம் படிந்திருக்க வேண்டும்.

கோழிச்சோறு ஏன் அடைத்தது? உனக்குச் சாப்பிடத் தெரியாது, ராசா. கோபப்படாதே. பள்ளிக்கூட பஸ் வந்துவிடும் என்று சின்ன வயதில் விழுங்கக் கற்றவன், இப்போது ஷிப்டு மணி அடித்துவிடும் என்று விழுங்குகிறாய். பெரிய இரைப்பை அதைப் பொறுத்துக்கொண்டது, இது பொறுக்காது. சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டாக்கு. ஒரு வாயை இருபது, முப்பது தடவை மெல். மென்று முடியும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிடு. கையில் கரண்டி இருந்தால் அது தானாகவே மேலே வரும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபதிலிருந்து முப்பது நிமிஷம். அதற்குமேல் தட்டில் மீதி இருந்தால் மீதியாகவே இருக்கட்டும், இழுத்துக்கொண்டு உட்காராதே. டீத்தட்டில் சாப்பிடு.

அடைப்பதற்கு முன்னால் மூக்கில் நீர் வந்தது, தும்மல் வந்தது என்று சொன்னாயே, அது மிளகாயால் இல்லை. விக்கல், தும்மல், மூக்கொழுகல், நெஞ்சில் ஒரு இறுக்கம் என்று ஆளுக்கொரு விதமாக அந்தச் சின்ன இரைப்பை நிரம்பியதைக் காட்டும். அது காட்டியதும் நிறுத்து. அதற்கு அடுத்த வாய்தான் திரும்பி வருகிற வாய். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காதே. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடி. அடைத்ததைத் தண்ணீர் விட்டுத் தள்ளப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். அது தள்ளாது, எல்லாவற்றையும் மேலே கிளப்பிவிடும். சோடா, கோலா எல்லாவற்றையும் மறந்துவிடு.

இனி எதைச் சாப்பிடுவது என்ற விஷயம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று உன் டயட்டீஷியன் சொல்லியிருப்பார். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். கணக்குப் போட்டுப் பார், சோற்றுக்கு உன் வயிற்றில் இடமே கிடையாது இப்போதைக்கு. சோறு ஊட்டி வளர்த்த நானே சொல்கிறேன், சோறு கடைசி. முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு வெந்த காய், அதற்கும் பிறகு இடம் இருந்தால் ஒரு கரண்டி சோறு. சோறும் ரொட்டியும் நன்றாக மெல்லாவிட்டால் உள்ளே உருண்டையாகத் திரண்டு நிற்கும். கடைக் கோழி நெஞ்சுக்கறி வறண்டது, அதை மறுபடி சூடுபண்ணினால் இன்னும் வறளும். நீ முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டையும் சேர்த்து ஒரே தட்டில்!

நம்ம வீட்டுச் சாப்பாட்டையே எடுத்துக்கொள். மீன் குழம்பு நூடுல்ஸ் மொகிங்காவில் கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்ப்போமே, அந்த உதிர்த்த மீனைக் கொஞ்சம் குழம்போடு எடுத்துக்கொள். நூடுல்ஸ் வேண்டாம், மேலே போடுகிற பொரித்த அயிட்டம் வேண்டவே வேண்டாம். அதில் கிடக்கும் வாழைத்தண்டையும் எடுத்து ஓரமாக வை. நார் உள்ளது எதுவும் இப்போது கூடாது. முருங்கைக்காய், கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் இதெல்லாம் மென்றாலும் அரையாமல் போய்த் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஷான் தோஃபு உனக்குப் பிடிக்கும், அது கடலை மாவில் செய்வது, மெத்தென்று இருக்கும், சிங்கப்பூரிலும் பர்மாக்காரர்கள் கடையில் கிடைக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். எண்ணெயில் பொரித்ததை வாங்காதே, கூழாகச் சூடாகத் தருவார்களே அதை வாங்கு. கடலைப் பருப்பைக் குழைய வேகவைத்து அதில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கிவிட்டால் அதுவே ஒரு வேளை ஆகிவிடும். புதுச் சாப்பாடு எதுவானாலும் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். அப்போதுதான் ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரியும். இன்றைக்கு ஒத்துக்கொள்ளாததை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே, சில வாரம் கழித்து மறுபடி வைத்துப் பார்.

ஒரு முட்டையில் ஒரு ஆம்பளைக்கு எப்படி வயிறு நிறையும் என்று அப்பா இன்னும் நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் உண்மையிலேயே எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அவசரமாக விழுங்கி, ஒருதரம் அடைத்து, வெளியே வந்துவிட்டது என்றால் அதற்குப் பயப்படாதே. அன்றைக்குக் கொஞ்சம் நீராகாரத்தோடு வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாள் மீனிலிருந்து ஆரம்பி. ஆனால் மெதுவாக மென்றும், மெத்தென்றதைச் சாப்பிட்டும் நாள் தவறாமல் வாந்தி வருகிறது, தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் அது வேறு. அதைப் "புது வயிறுதானே, பழகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறேன் தெரியுமா? நான் நர்சாக முதல் போஸ்டிங் போனது ஐராவதி டெல்டாப் பக்கம். இரண்டு, மூன்று மாதக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குழந்தை வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. மூச்சு வாங்கும். முந்தின நாள்வரை நன்றாகப் பால் குடித்த குழந்தையாக இருக்கும். பெரிபெரி. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் சோறும் உப்பும் கொஞ்சம் கருவாடும் கொடுத்திருப்பார்கள், தீட்டிய வெள்ளையரிசியைப் பலமுறை கழுவி வடித்த சோறு. தாய்க்கு வைட்டமின் பி1 இல்லை, அதனால் பாலிலும் இல்லை. பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தெளியும். கொஞ்சம் முன்பு கண் செருகிக் கிடந்தது சத்தமாக அழ ஆரம்பிக்கும்போது வார்டே திரும்பிப் பார்க்கும். தாமதமாக வந்தவையும் இருந்தன. அதை எழுத வேண்டாம்.

நர்சிங் பாடத்தில் ஒன்று படித்தோம், எனக்கு மறக்கவே இல்லை. 1905-ல் கோலாலம்பூரில் மனநோயாளிகள் விடுதி ஒன்றில் பிளெட்சர் என்ற டாக்டர் பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளையரிசியும் பாதிப் பேருக்கு நம்ம புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிக்காரர்களிடையே பெரிபெரி பரவியது, புழுங்கல் சாப்பிட்டவர்களுக்கு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழ் ஆட்கள் புழுங்கலை விடாமல் இருந்ததால் தப்பித்தார்கள். வைட்டமின் என்ற பெயரே அப்போது கிடையாது.

இந்த பி1 உடம்பில் அதிகம் சேர்த்துவைக்கக்கூடியது இல்லை. இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் வரும். கொஞ்சமே சாப்பிடுகிற நீ, அதையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் விடாத வாந்தியால் இதே குறை வருகிறது. பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி, பி1 கொடுத்தீர்களா?" என்று நீயே வாயைத் திறந்து கேள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் கேள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளையைப் பாதிக்கும். உன்கூட அறையில் இருக்கும் பையனிடமும் இதைச் சொல்லிவை.

மாத்திரைகள் ஆயுசுக்கும்தான். வைட்டமின் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்திருப்பதை நிறுத்தாதே. இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. இரும்பை டீயோடு விழுங்காதே. டீ என்றதும் லபெத், அந்த ஊறவைத்த தேயிலை, ஞாபகம் வருகிறது. அத்தை பொட்டலம் கட்டி அனுப்பத் தயாராக இருக்கிறாள். தேயிலையும், வேகவைக்காத ஙாப்பி மீன் விழுதும் பி1-க்கு ஆகாதவை. இந்த வருஷம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு மனத்தாங்கல்தான்.

முடி கொட்டுகிறது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். மூன்றாவது மாதத்திலிருந்து கொஞ்ச காலம் கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதத்தைக் கவனி. அதற்கென்று எண்ணெய் வாங்கிக் காசைக் கரைக்காதே.

சின்ன மாமா மகள் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா, அங்கே இலையில் எல்லாம் விழும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் உன் இலையையே பார்ப்பார்கள். காசு கொடுத்து வயிற்றை அறுத்துக்கொண்டான் என்று ஒருவர், கண்ணு பட்டுவிட்டது என்று ஒருவர். உன் சர்க்கரை இறங்கியதோ, ராத்திரி மூச்சு நின்று நின்று வந்ததோ அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டாம். யாராவது கரண்டியோடு வந்தால் இலையின்மேல் கையைக் குறுக்கே வை. அதற்குமேல் வற்புறுத்தினால் என்னைக் கூப்பிடு. உனக்கு வீட்டிலேயே முட்டையும் பருப்பும் கொடுத்துத்தான் அழைத்துப்போவேன். பாயசம் ஒரு ஸ்பூன், அதுவும் நாக்கு நனைக்க மட்டும். குடிக்கிற கூட்டத்தோடு உட்காராதே, இப்போது உனக்கு முன்பைவிடச் சீக்கிரம் ஏறிவிடும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று எழுது. ரிப்போர்ட் வந்ததும் படம் பிடித்து அனுப்பு, முழுப் பக்கமும் தெரிய எடு, போன தடவை ஓரத்தை வெட்டிவிட்டாய். வரும்போது அப்பாவுக்கு முழங்கால் பட்டி ஒன்று பெரிய அளவில் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா