டீச்சரம்மாவுக்கு வெளியுறவு தெரியுமா?

தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கும் விவாத நெறியாளர்களுக்கும் வணக்கம்.

டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட கிரீன்லாந்தை அமெரிக்காவுக்கு வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கேட்ட விவகாரம் சூடாக இருந்த நாட்களில், ஓர் இரவு தொலைக்காட்சி விவாதம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2026 ஜனவரி 14 அன்று வாஷிங்டனில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸையும் வெளியுறவு அமைச்சர் ரூபியோவையும் சந்திக்கப் போனவர்களின் படம் திரையில் வந்தது. டென்மார்க் வெளியுறவு அமைச்சர் லார்ஸ் லோக்கே ராஸ்முசனின் பெயரைக் கீழே போட்டிருந்தார்கள். உடன் இருந்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. யார் இவர் என்ற பேச்சு வந்ததும் பங்கேற்பாளர் ஒருவர், "ஸ்கூல் டீச்சரா இருந்தவங்களாம். டீச்சரம்மாவுக்கு வெளியுறவு என்ன தெரியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தப் பெண்ணின் பெயர் விவியன் மோட்ஸ்ஃபெல்ட். ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர், சியுமுட் கட்சிக்காரர். 2018 முதல் 2021 வரை கிரீன்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகர். 2022 ஏப்ரலில் கிரீன்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஆனார். 2025 மார்ச் தேர்தலில் அவர் கட்சி பலமாக அடி வாங்கியது. ஆனாலும் புதிய கூட்டணி அரசு அதே துறையை அவரிடமே கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் ஆர்க்டிக் கவுன்சிலின் தலைமை டென்மார்க்கிடம் வந்தபோது, தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்தான். அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்பட எட்டு நாடுகள் உறுப்பினராக உள்ள அமைப்பு அது. தெரியாத்தனமாக யாரும் போய் உட்காரக்கூடிய நாற்காலி இல்லை.

சரி, ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் இலின்னியார்ஃபிஸ்ஸுவாக் என்றொரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. "பெரிய கல்விக்கூடம்" என்று பொருள். 1845இல் தொடங்கியது. முதலில் உபதேசியார்களை உருவாக்கத்தான் அதைக் கட்டினார்கள். நம் ஊர் மிஷன் பள்ளிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிப்பவரேதான் மற்ற நாளெல்லாம் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவர். சின்னச் சின்னக் குடியிருப்புகளில், ஊர்க்காரர்களின் மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த உத்தியோகஸ்தர் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் ஊர் நியாயமும் வந்து சேர்வது இயல்பு.

1979இல் உள்நாட்டு ஆட்சி கிடைத்தபோது முதல் பிரதமரான யோனத்தான் மோட்ஸ்ஃபெல்ட், ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பிறகு பாதிரியார் ஆனவர். அவருக்கு அடுத்து வந்த லார்ஸ்-எமில் யோஹான்சனும் படிப்பால் ஆசிரியர். (விவியனுக்கும் யோனத்தானுக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று உடனே உறவுமுறை எழுதிவிடாதீர்கள், விசாரித்துவிட்டு எழுதுங்கள்.) நம் நாட்டில் வக்கீல்கள் அரசியலை நிரப்பியது போல, அங்கே அந்த இடம் ஆசிரியர்களுடையது. "டீச்சராம்" என்று இழுத்துச் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1964இல் டென்மார்க் கொண்டுவந்த சம்பள விதி ஒன்று உண்டு. அரசு வேலையில் கிரீன்லாந்தில் பிறந்தவருக்கு ஒரு சம்பளம், டென்மார்க்கில் பிறந்தவருக்கு அதைவிடக் கூடுதல். வேலை ஒன்றுதான், பிறந்த இடம்தான் வேறு. பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்துகிறவருக்கு உங்களைவிட அதிகச் சம்பளம், அதுவும் உங்கள் சொந்த மண்ணிலேயே என்றால், ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் என்ன பேசியிருப்பார்கள்? எங்கள் ஆசிரியர் அறையை வைத்துச் சொல்கிறேன், பருவநிலையைப் பற்றி மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்.

விவியன் பிறந்தது 1972இல். உள்நாட்டு ஆட்சி வந்தபோது அவருக்கு ஆறேழு வயது. பள்ளிகளின் நிர்வாகம் கோபன்ஹேகனிலிருந்து நூக்கின் கைக்கு மாறியது அதற்கு அடுத்த ஆண்டு. டேனிஷ் மொழியைத் தூக்கிப்பிடித்த பள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்காரர்களின் கலாலிசுத் மொழிக்குத் திரும்பிய காலத்தில் வளர்ந்த தலைமுறை அவருடையது. 2009இல் சுயாட்சிச் சட்டம் வந்து, கலாலிசுத் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆனது.

அந்தச் சட்டமும் ஒன்றைத் தரவில்லை. வெளியுறவும் பாதுகாப்பும் இன்றும் கோபன்ஹேகனின் பொறுப்பு. யோசித்துப் பாருங்கள், இறுதிப் பொறுப்பு இன்னொரு தலைநகரத்திடம் உள்ள ஒரு துறைக்கு அமைச்சர்! இந்தக் கயிற்றின் மேல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பழைய கதையிலிருந்து புரிந்துகொள்ளலாம். 1951இல் அமெரிக்காவும் டென்மார்க்கும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. கிரீன்லாந்துக்காரர் யாரும் அதில் கையெழுத்திடவில்லை. 1953இல், வடக்கே இன்று பிட்டுஃபிக் எனப்படும் அமெரிக்கப் படைத்தளத்தின் பக்கத்தில் வாழ்ந்த, இனுகுயிட் எனும் பூர்வகுடிக் குடும்பங்களைச் சில நாள் அவகாசத்தில் கிளப்பி, கானாக் என்ற வேறு ஊருக்கு அனுப்பினார்கள். 2004இல் இகாலிக்கு என்ற சின்ன ஊரில் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டபோதுதான் கிரீன்லாந்தின் கையெழுத்தும் அதில் ஏறியது. 2024 பிப்ரவரியில் விவியன் வெளியிட்ட வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தின் தலைப்பில் "எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் கூடாது" என்ற வாசகம் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதற்கு 1953 போதும்.

உங்கள் படக்குறிப்பு அவர் பெயரை விட்டபோது என்ன விட்டுப்போனது என்று இப்போது தெரியும் என நினைக்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. "பனிப்பாலைவனம்", "ஆளில்லாத் தீவு" என்றெல்லாம் எழுதாதீர்கள், ஏறக்குறைய 57,000 பேர் வாழ்கிறார்கள். "எஸ்கிமோ" வேண்டாம், இனுயிட் என்றோ கலாலிட் என்றோ எழுதலாம். "விற்பனைக்கா கிரீன்லாந்து?" என்று தலைப்புப் போடும் நாளில், அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னதையும் இரண்டு வரி சேருங்கள். அப்புறம், மோட்ஸ்ஃபெல்ட் என்ற பெயர் நீளம், கீழ்ப்பட்டையில் இடம் பற்றாது என்றால் விவியன் என்று மட்டுமாவது போடுங்கள். நான்கே எழுத்துதான், ரூபியோவைவிட ஒன்று அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை